குளிர் கசிந்தால் கல்லா கரையும்



மூட்டையில் எலி கடித்த ஓட்டையைக் கண்டால் நமக்கு இருப்புக்கொள்ளாது. உடனே கோணி ஊசியை எடுத்துத் தைத்துவிடுவோம். எண்ணெய் டின் ஒழுகினால் அடியில் ஏனம் வைப்போம். சிந்திய சீனியைக் கூட்டி அள்ளி, சலித்து, சர்பத் கடைக்காரருக்காவது கொடுத்துவிடுவோம். நூற்றுக்கு இரண்டு மூன்று நிற்கிற தொழிலில் சேதாரத்தை அலட்சியம் செய்தவன் நிலைத்ததில்லை என்பது நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஆனால் ஒரு சரக்கு மட்டும் இரவு பகலாக நம் கடையிலிருந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அதையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். அது எவ்வளவு போயிற்று என்று எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. அந்தச் சரக்கின் பெயர் குளிர்.

இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மளிகைக் கடை என்றால் நாலு மின்விசிறி, ஆறு குழல் விளக்கு, அவ்வளவுதான் மின்சாரம். இன்று பால், தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம், குளிர்பானம், இட்லி மாவு எல்லாம் நம் கடையில்தான் விற்கின்றன. டீப் பிரீசர் ஒன்று, கண்ணாடிக் கதவு வைத்த கூலர் இரண்டு, பழைய பிரிட்ஜ் ஒன்று என்று வரிசையாக நிற்கின்றன. கொஞ்சம் வளர்ந்த கடைகளில் ஏ.சி.யும் வந்துவிட்டது. வாடகைக்கும் சம்பளத்திற்கும் அடுத்தபடியாக மின் கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மின் கட்டணம் 2022 செப்டம்பரில் உயர்ந்தது. 2023 ஜூலையில் வீடுகளுக்கு விலக்கு கிடைத்தது, வணிக இணைப்புகளுக்கு ஏறியது. 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று நாம் தீர்மானம் போடுவதும் மனுக் கொடுப்பதும் நியாயமானவையே. தொடர்ந்து கேட்போம். ஆனால் மனுவுக்குப் பதில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. பிரீசர் கதவின் இடுக்கில் போகிற காசை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அதை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்டை சொன்ன செய்தி

என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். வெண்ணெயும் ஐஸ்கிரீமும் வைக்கிற டீப் பிரீசர் ஒன்று ஒவ்வொரு கோடையிலும் தொல்லை கொடுத்தது. ஐஸ்கிரீம் இளகும். ஓரங்களில் மட்டும் பனி மலைபோல் கட்டும். மெக்கானிக் வருவார். "கேஸ் குறைஞ்சுபோச்சு அண்ணாச்சி" என்பார். கேஸ் ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார். மூன்று கோடை இப்படியே போயின. மூன்றாவது கோடையில் ஒரு பெட்டி ஐஸ்கிரீம் முழுவதும் இளகி வீணாயிற்று. ஒருமுறை இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமை மனச்சாட்சி உள்ள வியாபாரி குழந்தைகளுக்கு விற்க முடியாது. கொட்டினேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்தது மெக்கானிக் அல்ல, கடையில் வேலை பார்க்கிற தம்பி. பக்கத்தில் இருந்த பழைய பிரிட்ஜின் கதவிடுக்கில் பாக்கிச் சிட்டைகளைச் செருகி வைப்பது அவன் வழக்கம். ஒரு நாள் அங்கே இடமில்லாமல் பிரீசர் மூடியின் இடுக்கில் செருகியிருக்கிறான். "முதலாளி, இதுல சிட்டை நிக்கவே மாட்டேங்குது, தானா விழுந்துடுது" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிட்டையைப் பிடிக்காத மூடி குளிரை எப்படிப் பிடிக்கும்? மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து, ஒரு பக்கம் விறைத்துப் போயிருந்தது. மூன்று ஆண்டு கேஸுக்குக் கொடுத்த பணத்தில் பல ரப்பர் வாங்கியிருக்கலாம்.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும. பிரிட்ஜில் உள்ள கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தது என்றால் எங்கோ குழாயில் ஓட்டை என்று பொருள். ஓட்டையைத் தேடி அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றச் சொல்பவரிடம், "ஓட்டை எங்கே, காட்டுங்கள்" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மூட்டைக் கணக்கு

ரப்பரை மாற்றுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்தேன். இரவு கடை அடைக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டேன். காலையில் கதவு திறந்ததும் மறுபடி குறித்தேன். இரவில் விளக்கு இல்லை, விசிறி இல்லை. ஓடுவது குளிர்ப்பெட்டிகள் மட்டுமே. எட்டு மணி நேரத்திற்கு ஐந்து யூனிட் ஓடியிருந்தது. புது ரப்பர் போட்டு, மற்றப் பெட்டிகளின் ரப்பரையும் கழுவி, பின்புறத் தூசியையும் தட்டிய பிறகு மீண்டும் குறித்தேன். நான்கு யூனிட்டுக்கு வந்துவிட்டது.

கதவு மூடியே கிடக்கிற குளிர்ந்த இரவில் ஒரு யூனிட் மிச்சம். வெயிலும் வாடிக்கையாளர் கையும் படுகிற பகலையும் சேர்த்து நாளைக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்திற்கு 180 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் 1,800 ரூபாய்.

இதைச் சிறு தொகை என்று நினைப்பவர்கள் சீனியில் கணக்குப் போட்டுப் பார்க்கவும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் நின்றால், 1,800 ரூபாய் சம்பாதிக்க 900 கிலோ விற்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டையில் பதினெட்டு மூட்டை. பதினெட்டு மூட்டையை வாங்கி, இறக்கி, பிரித்து, நிறுத்து, பொட்டலம் கட்டி, கடனும் கொடுத்து வசூலித்துக் கிடைக்கிற லாபம் ஒரு ரப்பரின் இடுக்கில் போய்க்கொண்டிருந்தது!

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்குமாறு வைத்து மூடுங்கள். மெதுவாக இழுங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் போகிறது. நான்கு பக்கமும், குறிப்பாக மூலைகளிலும் கீல் இருக்கும் பக்கத்திலும், நான்கு விரற்கடைக்கு ஒருமுறை பாருங்கள்.

இரும்புக் கதவு உள்ள பிரிட்ஜுக்கு இன்னொரு வழி உண்டு. இரவில் கடை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். வெளிச்சம் வரும் வழியெல்லாம் குளிர் போகும் வழி.

பனி கட்டுவதும் ஓர் அடையாளம். வெளிக்காற்றில் ஈரம் இருக்கிறது. கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். அந்தக் காற்று இடுக்கு வழியே உள்ளே போனால், முதலில் அதன் ஈரத்தைத் தண்ணீராக்கி, பிறகு பனியாக்குவதற்கே கம்ப்ரஸர் உழைக்க வேண்டியிருக்கிறது. சரக்கைக் குளிர வைப்பது அதற்குப் பிறகுதான். ஐஸ்கிரீமுக்கு வேண்டியது மைனஸ் 18 டிகிரி. ஒரு மூலையில் மட்டும் பனி கட்டினால் அந்த மூலை ரப்பரைப் பாருங்கள்.

அடைப்பது எப்படி?

எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதில்லை. பல அழுக்கினால்தான் கெடுகின்றன. பால் சிந்திய பிசுக்கும் மாவுத் தூசியும் மடிப்பில் ஏறி ரப்பரை ஒட்டவிடாமல் செய்யும். இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மடிப்புக்குள் விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. ரப்பர் கெட்டுவிடும். கீல் பக்கத்தில் மிக மெல்லியதாக வாசலின் தடவினால் ரப்பர் மடங்காமல் இருக்கும்.

கிழிந்ததையும் விறைத்ததையும் காந்தம் விட்டுப்போனதையும் மாற்றத்தான் வேண்டும். பெட்டியின் மாடல் எண்ணையும் கதவின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனால் கிடைக்கும். பழைய பெட்டிகளில் ரப்பரைத் திருகாணி வைத்து முடுக்கியிருப்பார்கள். பிற்காலப் பெட்டிகளில் பள்ளத்தில் அமுக்கிப் பொருத்தியிருப்பார்கள். புது ரப்பர் மடிந்து சுருண்டிருந்தால் வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள், நேராகிவிடும். பொருத்திய பிறகு மறுபடியும் தாள் சோதனை செய்ய மறக்கக் கூடாது.

ரப்பர் நன்றாக இருந்தும் கதவு ஒட்டவில்லை என்றால், பெட்டி கோணலாக நிற்கிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா, பாட்டில் ஏதாவது கதவை முட்டுகிறதா என்று பாருங்கள். நிமிர்ந்து நிற்கிற கூலரின் முன்காலை இம்மி உயர்த்தினால் கதவு தானாகவே மூடிக்கொள்ளும்.

ஏ.சி. போட்ட கடைகளுக்கும் இது பொருந்தும். செம்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிற இடத்தில் அகலமாக ஓட்டை போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். குளிர் வெளியே போகும் வழியும் அதுதான், எலியும் கரப்பானும் உள்ளே வரும் வழியும் அதுதான். அதைப் பூசி அடையுங்கள். குழாயின் மேல் சுற்றிய கறுப்பு நுரை வெயிலில் உதிர்ந்திருந்தால் புதிதாகச் சுற்றுங்கள். குழாய் வியர்த்துச் சொட்டி அடியில் இருந்த மைதா மூட்டை கட்டியாகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவின் அடியிடுக்குக்கு பிரஷ் பட்டை கிடைக்கிறது. ஆனால் காற்றோட்டமே இல்லாமல் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. ஆட்கள் நிற்கிற இடத்திற்கு வெளிக்காற்று வேண்டும். தானியக் கிடங்குக்கும் வேண்டும்.

பெயரளவில் ஒரு டேப்

டிபார்ட்மெண்ட் ஸ்டோர், ஜவுளிக்கடை அளவுக்கு வளர்ந்தவர்கள் கூரைக்குள் தகரக் குழாய் ஓட்டிக் குளிர்க்காற்றைக் கொண்டுவருகிறார்கள். இதை டக்ட் என்பார்கள். அமெரிக்காவில் இந்தக் குழாய் கடைகளில் மட்டுமல்ல, வீடுகளிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் சூடான காற்றும் கோடையில் குளிர்ந்த காற்றும் அதே குழாய் வழியாக அறைகளுக்குப் போகும். அந்நாட்டு அரசின் கணக்குப்படி ஒரு சராசரி வீட்டில் அந்தக் காற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இணைப்புகளிலும் ஓட்டைகளிலும் வீணாகிறது. பரணில் கிடக்கிற குழாய் பரணைக் குளிர்விக்கிறது. அறையில் இருப்பவர் வேர்க்கிறது என்று இன்னும் குளிரைக் கூட்டுகிறார்.

அங்கே பல வீட்டுக்காரர்கள் தாங்களே பரணில் ஏறி அடைத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டக்ட் டேப் என்றே பெயர் வைத்து ஒரு துணி டேப் விற்கிறது. கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் குழாய் இணைப்புகளைப் பலவித டேப்புகளாலும் பசைகளாலும் அடைத்து, சூடும் குளிரும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்தார்கள். 1998இல் முடிவு வந்தது. டக்ட் டேப் என்ற பெயர் தாங்கிய துணி டேப்தான் டக்டை அடைக்கும் வேலையில் தோற்றுப்போயிற்று! தூரிகையால் பூசுகிற மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையும், தரமான அலுமினியத் தாள் டேப்பும் இதற்கு ஏற்றவை.

நம் கடைகளில் எதற்கும் பிரவுன் டேப் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். கிழிந்த ரப்பரின் மேல் பிரவுன் டேப் ஒட்டினால் நாலு நாளில் ஈரத்தில் உரிந்து வரும். அதற்குள் நாம் அடைத்துவிட்டோம் என்று மறந்திருப்போம்.

டக்ட் வைத்திருப்பவர்கள் காற்று ஓடும்போது இணைப்புகளின் ஓரம் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை விலகி ஓடினாலும் உள்ளே இழுக்கப்பட்டாலும் அங்கே ஓட்டை. பிறகு இயந்திரத்தை நிறுத்தி, தூசியைத் துடைத்து, மாஸ்டிக் பூசுங்கள். பெரிய இடைவெளிக்கு வலைநாடா வைத்து அதன் மேல் பூச வேண்டும். காற்றைத் திரும்ப இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் கூரைக்குள் உள்ள தூசியெல்லாம் கடைக்குள் வரும். அதையும் பாருங்கள்.

எல்லை தெரிந்து செய்வோம்

"முதலாளி ரப்பர் துடைத்துக்கொண்டிருந்தால் கல்லாவை யார் பார்ப்பது?" என்று சிலர் கேட்பார்கள். மாதத்தில் ஒரு நாள், கடை திறப்பதற்கு முன் அரைமணி நேரம் போதும். முதலாளி செய்யாவிட்டால் பையனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். தொழில் தெரிந்த மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் வைத்தியரை அழைத்தால் எந்த மருந்துக்கும் தலையாட்ட வேண்டியிருக்கும். தெரிந்து அழைத்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அதே சமயம் எல்லை உண்டு. துடைப்பதும் தூசி தட்டுவதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். கம்ப்ரஸர், கேஸ், மின் இணைப்பு இவை நம் வேலை அல்ல. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ, ஆர் 290 என்ற கேஸ்கள் தீப்பற்றக் கூடியவை. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். பனியைக் கத்தியால் கொத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உள்ளே குழாய் பொத்தலானால் பெட்டியே போயிற்று. பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்தால் பனி தானே உருகும்.

பெட்டி அவர்களுடையது, பில் நம்முடையது

கடைசியாக ஒன்று. நம் கடைகளில் நிற்கிற கூலர்களில் பல நம்முடையவை அல்ல. கம்பெனிகள் இலவசம் என்று கொண்டுவந்து வைத்தவை. அவர்கள் சரக்கைத்தான் வைக்க வேண்டும், முன்வரிசையில் வைக்க வேண்டும், பெயர்ப் பலகை தெரிய வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. ரப்பர் கிழிந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் விற்பனைப் பிரதிநிதி, "சொல்லிடறேன் சார்" என்று குறித்துக்கொண்டு போவார், அடுத்த வாரமும் அதையே சொல்வார். அவருக்கு ஏது அவசரம்? ஓடுகிற மீட்டர் நம்முடையது அல்லவா!

அந்தப் பெட்டியில் நாமே கை வைத்தால் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். கை வைக்காவிட்டால் நமக்கு நட்டம். தனிக் கடைக்காரர் ஒருவர் சொன்னால் அது முறையீடு. ஊரில் உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து சொன்னால் அது நிபந்தனை. ஆகவே நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, கம்பெனிக் கூலரின் ரப்பர் பழுதை எழுத்தில் தெரிவித்த பதினைந்து நாளுக்குள் அவர்கள் செலவில் மாற்றித்தர வேண்டும் என்று விநியோகஸ்தர்களுடன் பேசி முடிவு செய்ய வேண்டும். மாற்றித்தராவிட்டால் பெட்டியை அணைத்து வைக்கும் உரிமை கடைக்காரருக்கு வேண்டும்.

இரண்டு, உறுப்பினர்களின் பெட்டி அளவுகளைச் சேர்த்து, ரப்பரை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். பருப்பையும் புளியையும் சேர்ந்து வாங்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.

மூன்று, கோடை தொடங்குமுன் மாசி மாதத்தில் ஒரு நாள், ரப்பர் மாற்றுவதைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லி நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும். கடைப் பையன்களையும் உடன் அழைத்து வரலாம்.

சங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கடை அடைக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எல்லாப் பெட்டிகளின் கதவிலும் வைத்துப் பாருங்கள். தாள் நிற்காத பெட்டி எத்தனை என்று எண்ணி, அந்தத் தாளிலேயே எழுதிக் கல்லாப்பெட்டியில் போட்டு வையுங்கள். நாளைக் காலையில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.